விய்யைக் கண்ணில் காட்டலாமா?

மழைத்தூறல்:
உக்ரைனின் உக்ரானிமாஃபில்ம் 1996-இல் எடுத்த ‘விய்’ அனிமேஷன் குறும்படம் பார்த்தேன். லியோனித் சாருபின், அல்லா ஹ்ராச்சோவா இயக்கியது. மூலம், ரஷ்ய மொழி எழுத்தாளர் கோகோல் 1835-இல் வெளியிட்ட கதை. கீவ் நகரக் குருமடத்தில் படிக்கும் மாணவன் கோமா ப்ரூட், இறந்த சூனியக்காரியின் பிணத்தருகே மூன்று ராத்திரி ஜெபம் படிக்க வேண்டும். இதைப் படமாக வரையவே கூடாது என்பது என் கருத்து. வாசிக்கும்போது வரும் பயம், உருவத்தைக் காட்டியதும் போய்விடுகிறது.

ராப்பாடி:
ஒத்துக்கொள்ள முடியவில்லை நண்பரே. மூன்றாம் ராத்திரி வரும் விய் என்ற பூதத்தைக் கோகோலே காட்டத்தானே செய்கிறார்? உடம்பெல்லாம் கரிய மண், வேர் மாதிரி முறுக்கேறிய கைகால், இரும்பு முகம், தரை வரை தொங்கும் இமை. ஒரு நடிகருக்கு வேஷம் கட்டி நிறுத்தினால் வேஷம்தான் தெரியும். 1967 சோவியத் படத்தில் எனக்கு உறுத்தியது அதுதான். மண்ணும் வேரும் நடந்து வருவதை நம்ப வைக்க ஓவியம்தான் சரி.

மழைத்தூறல்:
அதே கோகோல் 1842 பதிப்புக்குத் திருத்தும்போது, மற்ற பூதங்களைப் பற்றிய வர்ணனையை நிறைய வெட்டினாரே! காட்டக் காட்டப் பயம் குறைகிறது என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும். அப்புறம், அந்தப் பகல்கள். கோமா குடிக்கிறான், ஆடுகிறான், தப்பி ஓடப் பார்த்து மாட்டிக்கொள்கிறான். கோசாக்குகள் (அங்கிருக்கும் குதிரைவீரர்கள்) சாப்பிட உட்கார்ந்தால் சூனியக்காரி பேச்சுதான். இரண்டாம் ராத்திரி முடிந்து வெளியே வருபவனுக்குப் பாதி முடி நரைத்திருக்கிறது. பகல்கள்தான் அடுத்த ராத்திரியைக் கனக்க வைக்கின்றன. குறும்படத்தில் அதற்கு இடம் ஏது?

கீழத்தெரு:
குறுக்கே ஒன்று சொல்கிறேன். விய் குள்ளப் பூதங்களின் தலைவன், மக்கள் சொன்னதை அப்படியே எழுதினேன் என்று கோகோல் அடிக்குறிப்பு போட்டார். ஆனால் இந்தப் பெயரில் அப்படியொரு தலைவனை ஆய்வாளர்கள் உக்ரைன் நாட்டார் கதைகளில் காணவில்லை. கனத்த இமையைத் தூக்கிவிடச் சொல்லும் பாத்திரங்கள் உண்டு, அவ்வளவுதான். ஆகவே விய்யின் உருவம் பெரும்பாலும் எழுத்தாளர் கற்பனை. ஓவியர் தன் பங்குக்குக் கற்பனை செய்தால் என்ன தவறு?

ராப்பாடி:
அதேதான். பகல்கள் பற்றி மழைத்தூறல் சொன்னது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் உச்சமான பயம் எங்கே இருக்கிறது? கோமா சுற்றிப் போட்ட வட்டம் அதுவரை அவனைக் காப்பாற்றுகிறது, பூதங்களுக்கு அவன் தெரியவில்லை. ‘பார்க்காதே’ என்று உள்ளே ஒரு குரல் சொல்கிறது. அவன் பார்த்துவிடுகிறான். உடனே விய் இரும்பு விரலை நீட்டுகிறது. புத்தகத்தில் அவன் மட்டும்தான் பார்க்கிறான். திரையில் நானும் பார்க்கிறேன், அவன் செய்த தப்பையே நானும் செய்கிறேன். கண்ணை மூடிக்கொள்ள எனக்கும் வாய்ப்பிருந்தது.

மழைத்தூறல்:
இதை நான் யோசிக்கவில்லை. அந்த ஒரு இடத்தில் உங்கள் பக்கம் வருகிறேன். பகல்கள் விஷயத்தில் மாற மாட்டேன்.