பசளை போட்ட அரோகேரியா வெளிறுகிறது, போடாதது பச்சையாக நிற்கிறது. ஏன்?

உப்புவெளி நாற்றுமேடை:
வணக்கம். நத்தாருக்கு விற்கலாம் என்று மலைநாட்டிலிருந்து அரோகேரியாக் கன்றுகள் 200 எடுத்துப் பொலித்தீன் பைகளில் வைத்திருக்கிறேன். மணல், தும்புத்தூள், மாட்டெருக் கலவை. இரண்டு கிழமைக்கு ஒருமுறை பைக்கு ஒரு சிட்டிகை யூரியா, தினமும் கிணற்றுத் தண்ணீர். முதலில் மளமளவென்று வளர்ந்தன. இப்போது வளர்ச்சி நின்று, ஊசியிலைகள் வெளிறி, நுனி கருகுகிறது. கடைசி வரிசைக்குப் பசளை போடவில்லை. அது குட்டையாக, ஆனால் நல்ல பச்சையாக நிற்கிறது. யாராவது விளக்கம் சொல்லுங்களேன்.

மூதூர்க்காரன்:
கச்சான் காற்றுத்தான் தம்பி நுனியைக் கருக்கும். யூரியாவைக் கொஞ்சம் கூட்டுங்கோ, பச்சை வந்துவிடும்.

பசளைக் கணக்கு:
கூட்ட வேண்டாம். முதலில் ஒன்று பாருங்கள்: வெளிறுவது கீழே உள்ள பழைய ஊசிகளா, நுனியில் உள்ள புதியவையா? நைதரசன் குறைந்தால் கன்று பழைய ஊசிகளிலிருந்து உறிஞ்சிப் புதியவற்றுக்குக் கொடுக்கும், அதனால் கீழே முதலில் மஞ்சளாகும். இரும்பு அப்படி இடம் மாறாது. அது குறைந்தால் புதியதுதான் வெளிறும்.

அடுத்தது அளவு. யூரியாவில் 46% நைதரசன். உங்கள் சிட்டிகை அரைக் கிராம் என்றாலும் 230 மில்லிகிராம். கன்றுக்குள் இப்போது 5 மில்லிகிராம் நைதரசன் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பருவ முடிவில் அது 80 ஆனாலும் நீங்கள் கொடுக்க வேண்டியது மொத்தமே 75. ஒரே தடவையில் அதன் மூன்று மடங்கைக் கொட்டுகிறீர்கள்! வேர் எடுக்காதது மணலில் வடிந்து போகும், வடியாதது உப்பாக நின்று வேரைச் சுடும்.

அந்த 75ஐயும் சமமாகப் பிரிக்காதீர்கள். சின்னக் கன்றுக்குப் பசி குறைவு. 5, 10, 20, 40 என்று வளர்ச்சியோடு கூட்டிக்கொண்டு போங்கள். முதல் தவணைக்கு 200 கன்றுக்கும் சேர்த்து இரண்டு கிராமுக்குச் சற்று மேல் யூரியா போதும், தண்ணீரில் கரைத்து ஊற்றலாம்.

உப்புவெளி நாற்றுமேடை:
புதிய ஊசிகள்தான் அண்ணா. விவசாயப் போதனாசிரியரிடம் தண்ணீரைக் கொடுத்துப் பார்த்தேன்: பிஎச் 7.9, ஈசி (தண்ணீரில் உள்ள உப்பைக் காட்டும் மின்கடத்துதிறன்) 1.8. அப்படியென்றால் பசளை போடாத வரிசைதான் நல்ல கன்றா?

பசளைக் கணக்கு:
அப்போ தண்ணீர்தான் முதல் சந்தேகம். பைக் கன்றுகளுக்கு ஈசி 0.75க்குள் இருந்தால் நிம்மதி. பிஎச் இவ்வளவு காரமாக இருந்தால், கலவையில் இரும்பு இருந்தாலும் வேருக்குக் கிடைக்காது. தும்புத்தூளைக் கழுவாமல் கலந்திருந்தால் அதிலும் உப்பு இருக்கும்.

பச்சையை நம்பாதீர்கள். வளராத கன்றில் கொஞ்சச் சத்தே அடர்த்தியாக இருக்கும். வேகமாக வளர்ந்ததில் அதே சத்து பெரிய உடம்பில் பரவி நீர்த்துப் போகும். சரியாகத் தெரிய வேண்டுமென்றால் இரு வரிசையிலும் சில கன்றுகளைக் காயவைத்து நிறுத்து, ஊசிகளைச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும். எடை கூடி, ஊசியில் சத்தின் செறிவு குறைந்தால் நீர்த்தல். எடை மாறாமல் செறிவு கூடினால் கன்று சேமிக்கிறது. எடையும் விழுந்து செறிவும் கூடினால் நஞ்சு. சேமிப்பு வீண் இல்லை. கனடாவில் கறுப்பு ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மர நாற்றுகளுக்கு வேண்டுமென்றே இப்படிச் சத்தை ஏற்றிவிடுவார்கள். நட்ட இடத்தில் புது வேர் ஓடும்வரை பழைய ஊசியிலிருந்து எடுத்துத்தான் புதுக் குருத்து விடும். தொட்டியில் விற்கும் உங்களுக்கு அவ்வளவு தேவையில்லை.

இப்போது செய்ய வேண்டியது: கந்தளாயிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் கிடைத்தால் அதையே ஊற்றிப் பைகளை நன்றாக வடியவிடுங்கள். பிறகு ஈடிடிஎச்ஏ வகை இரும்பு, அதாவது வேர் எடுக்கும்படி இரும்பைக் கரைசலில் பிடித்துவைக்கும் கலவை. கடையில் மலிவாகக் கிடைக்கும் ஈடிடிஏ வகை இந்த பிஎச்சில் நிற்காது. புதிய ஊசி தேறிய பிறகு யூரியாவுக்குப் பதில் அமோனியம் சல்பேற், மிகக் குறைவாக. அது கலவையைக் கொஞ்சம் அமிலமாக்கும். மாரி தொடங்கினால் மழை எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு போகும், அப்போது தவணையை இன்னும் சிறிதாக்குங்கள்.

மூதூர்க்காரன்:
சரி, ஒத்துக்கொள்கிறேன். என் சவுக்குக் கன்றுகளுக்கும் இதே கணக்கா?

பசளைக் கணக்கு:
இல்லை அண்ணை. சவுக்கு பார்க்க ஊசியிலைபோல இருந்தாலும் பூக்கும் மரம். அதன் வேர்முடிச்சில் பிராங்கியா என்ற நுண்ணுயிர் காற்றிலிருந்து நைதரசன் எடுத்துக் கொடுக்கும். யூரியா அதிகமானால் முடிச்சே வராது. பழைய சவுக்குமரத்தடி மண்ணை ஒரு கைப்பிடி கலந்துவிடுங்கள்.