கெண்டை மீன்களின் தீவனத்தில் புரோபயாடிக் கலப்பது உண்மையில் பயன் தருமா?

ஒரத்தநாட்டுக் குளம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஒரத்தநாடு அருகே ஒரு ஏக்கர் குளத்தில் கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய மூன்று கெண்டை இனங்களையும் சேர்த்து வளர்த்து வருகிறேன். ஏறத்தாழ 3,000 மீன்கள் உள்ளன. சராசரி எடை 300 கிராம். மிதவைத் தீவனம் நாளொன்றுக்கு 18 கிலோ இடுகிறேன். சென்ற ஆண்டு ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் மீன்களின் உடலில் சிவந்த புண்கள் தோன்றி, ஒரு பகுதி இறந்துபோயின. இவ்வாண்டு மழை தொடங்கும் முன்னரே தீவனத்தில் புரோபயாடிக் தூளை (நன்மை செய்யும் உயிருள்ள நுண்ணுயிர்கள் கொண்ட தூளை) கலந்து கொடுத்தால் அந்த நோய் வராது என்று கடைக்காரர் உறுதியாகச் சொல்கிறார். பொட்டலத்தில் ஒரு கிராமுக்கு ஒரு கோடி நுண்ணுயிர்கள் என்றும், கிலோ தீவனத்துக்கு 2 கிராம் போதும் என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். இதை நம்பி வாங்கலாமா? வாங்கினால் எப்படிக் கலப்பது?

மீன்வளப் பட்டதாரி

வணக்கம் ஐயா. முதலில் பொட்டலத்தில் உள்ள எண்ணிக்கையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கிராமுக்கு ஒரு கோடி வீதம் 2 கிராம் தூளில் 2 கோடி நுண்ணுயிர்கள் இருக்கும். அதை ஒரு கிலோ தீவனத்தில் பரப்பினால், ஒரு கிராம் தீவனத்துக்குக் கிடைப்பது வெறும் 20,000. மீன்களில் பயன் கண்ட ஆய்வுகளில் பெரும்பாலும் ஒரு கிராம் தீவனத்துக்குப் பத்து லட்சம் முதல் பத்துக் கோடி வரை கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கீழ் வரம்பை இந்தத் தூளைக் கொண்டு எட்ட வேண்டுமானால், கிலோவுக்கு 100 கிராம் வீதம் உங்கள் குளத்துக்கு நாளொன்றுக்கு 1.8 கிலோ தூள் வேண்டும். அது கட்டுப்படியாகாது. கிராமுக்கு 100 கோடி என்று குறிப்பிட்ட தூளாக இருந்தால் கிலோவுக்கு 5 கிராம் சேர்த்தாலே ஒரு கிராம் தீவனத்தில் 50 லட்சம் வந்துவிடும். ஆகவே விலையைப் பார்க்கும் முன் எண்ணிக்கையையும், உற்பத்தித் தேதியையும், எந்தெந்த நுண்ணுயிர்கள் என்ற பெயர்ப் பட்டியலையும் பாருங்கள். பெயர் எதுவும் குறிப்பிடாமல் 'நன்மை செய்யும் பாக்டீரியா' என்று மட்டும் எழுதியிருந்தால் வாங்க வேண்டாம்.

நமது தட்பவெப்பத்துக்குப் பாசில்லஸ் சப்டிலிஸ், பாசில்லஸ் லைக்கெனிஃபார்மிஸ் ஆகியவை பொருத்தமானவை. வித்துகளாக மாறி உறங்கும் தன்மை உடையவை என்பதால் கடையின் வெப்பத்தையும் மாதக்கணக்கான சேமிப்பையும் தாங்குகின்றன. லாக்டோபாசில்லஸ் வகைகள் அவ்வாறு வித்து உண்டாக்குவதில்லை. குளிர்ச்சியில் வைக்காவிட்டால் விரைவில் இறந்துவிடும். திலேப்பியா போன்ற மீனின் இரைப்பையில் கடுமையான அமிலம் சுரக்கும். கெண்டை இனங்களுக்கோ இரைப்பையே கிடையாது. அதனால் உட்கொண்ட நுண்ணுயிர்கள் உயிருடன் குடலை அடையும் வாய்ப்பு உங்கள் மீன்களில் அதிகம். அங்கே அவை புரதத்தையும் மாவுப் பொருளையும் செரிக்கும் நொதிகளைச் சுரக்கின்றன, தீமை செய்யும் பாக்டீரியாக்களுக்கு இடமும் உணவும் கிடைக்காதபடி போட்டியிடுகின்றன, மீனின் எதிர்ப்பாற்றலையும் ஓரளவு தூண்டுகின்றன. ஆனால் பெரும்பாலானவை குடலில் நிலையாகக் குடியேறுவதில்லை என்பதால், கொடுப்பதை நிறுத்தினால் பயனும் படிப்படியாக மறைந்துவிடும்.

மிதவைத் தீவனம் தயாராகும்போது வெப்பம் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டும் என்பதால், தூளைப் பின்னர் மேற்பூச்சாகச் சேர்ப்பதே சரி. அன்றைய தேவைக்கான தீவனத்தை மட்டும் பரப்பி, தூளைச் சிறிதளவு குளோரின் இல்லாத நீரில் கரைத்துத் தெளித்து, நிழலில் உலர்த்தி, பின் கிலோவுக்கு 20 மில்லி மீன் எண்ணெய் பூசிவிடுங்கள். இல்லையெனில் பாதித் தூள் குளத்து நீரில் கரைந்து போகும். தண்ணீரை அதிகமாகத் தெளித்தால் தீவனம் ஊறி மூழ்கிவிடும்.

வீராணம் பாசனக்காரன்

மேலே சொன்ன கணக்கு சரியானது; ஆனாலும் உங்கள் நோய்க்கும் இந்தத் தூளுக்கும் நேரடித் தொடர்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மழைக்காலப் புண்கள் பெரும்பாலும் இரண்டு வழியில் வருகின்றன. ஒன்று, ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலா என்ற பாக்டீரியா. அது எல்லாக் குளத்திலும் இருப்பதுதான், மீன் தளர்ந்திருக்கும் நேரம் பார்த்துத் தாக்கும். மற்றொன்று, 1988இல் இந்தியாவின் வடகிழக்கில் முதலில் காணப்பட்ட தொற்றுப் புண் நோய்; அது அஃபனோமைசஸ் இன்வேடன்ஸ் என்ற பூஞ்சை போன்ற உயிரி தோல் வழியாகத் தசைக்குள் நுழைவதால் உண்டாவது. குடலில் விட்ட பாசில்லஸ் அதைத் தடுக்கும் என்று எதிர்பார்ப்பது வீண்.

இன்னொன்றையும் யாரும் கடையில் சொல்வதில்லை. மிர்கால் அடித்தட்டில் மேயும் மீன். மிதக்கும் தீவனத்தை அது குறைவாகவே உண்ணும். கட்லாவோ நீரில் உள்ள விலங்கு மிதவை உயிரிகளையும் நிறைய வடிகட்டித் தின்னும். ஆக, நீங்கள் பூசும் தூள் மூன்று இனத்துக்கும் ஒரே அளவில் போய்ச் சேராது.

மழைக்கு முன் நீங்கள் செய்ய வேண்டியது நீர்ப் பராமரிப்பு. கார அமில நிலையும் காரத்தன்மையும் குறைந்திருந்தால் சுண்ணாம்பு இடுங்கள். வாய்க்கால் நீரோடு காட்டு மீன்கள் நுழையாதபடி மடையில் வலை கட்டுங்கள். மூட்டமான நாள்களில் தீவனத்தைக் குறைத்து, விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றனவா என்று பாருங்கள். ஆக்ஸிஜன் குறைந்த குளத்தில் எந்தத் தூளும் காப்பாற்றாது.

ஒரத்தநாட்டுக் குளம்

இருவருக்கும் மிக்க நன்றி. ஒரு ஐயம் மட்டும் உள்ளது. தூளை வெல்லக் கரைசலிலும் தவிட்டிலும் இரண்டு நாள் ஊறவைத்துப் பெருக்கினால், எண்ணிக்கை குறைந்த மலிவான தூளையே பயன்படுத்திக்கொள்ளலாம் என்று பக்கத்துப் பண்ணையில் சொல்கிறார்கள். அதைத் தீவனத்தில் பூசலாமா?

மீன்வளப் பட்டதாரி

தீவனத்துக்கு வேண்டாம் ஐயா. திறந்த வாளியில் வெல்லமும் தவிடும் இருந்தால் தூளில் இருந்ததோடு காற்றிலும் நீரிலும் இருந்தவையும் பெருகும். எது எவ்வளவு பெருகியது என்று நுண்ணோக்கியும் வளர்ப்பு ஊடகமும் இல்லாமல் அறிய முடியாது. இறால் பண்ணைகளில் இத்தகைய கரைசலைக் குளத்து நீரில் விடும் வழக்கம் உண்டு. அதன் நோக்கம் அடிக் கழிவைச் சிதைப்பது. அங்கும் அவை ஆக்ஸிஜனைச் செலவழிக்கும் என்பதால் காற்றூட்டி இல்லாத குளத்தில் மூட்டமான நாளில் விடுவது ஆபத்து. குளத்தில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் போன்ற கிருமிநாசினி இட்ட உடனேயும் புரோபயாடிக் கரைசலை விடாதீர்கள். கிருமிநாசினி அந்த நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும்.

வீராணத்துக்காரர் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. தீவனம் நன்றாகச் செரித்து வளர்ச்சி சற்றுக் கூடும் என்ற எதிர்பார்ப்போடு மட்டும் தூளைப் பயன்படுத்துங்கள். சென்ற ஆண்டு வந்தது எந்த நோய் என்று தெரியாமலே செலவு செய்வதுதான் என் கவலை. இவ்வாண்டு புண் தென்பட்டால், இறந்த மீனை எடுத்துச் செல்லாமல், நோயுற்று இன்னும் உயிருடன் நீந்தும் மீனை ஆக்ஸிஜன் நிரப்பிய பையில் போட்டு நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகத்தில் சோதனைக்குக் கொடுங்கள். இறந்த மீனில் சில மணி நேரத்திலேயே வேறு பாக்டீரியாக்கள் பெருகி முடிவைக் குழப்பிவிடும்.