கைக்கு ஷூ, விரலுக்குத் தொப்பி: ஜெர்மன் சொற்களில் சிரிப்பும் சிக்கலும்

கையுறைக்கு ஜெர்மனில் 'ஹாண்ட்ஷூ', அதாவது கைக்கு ஷூ. தைக்கும்போது மாட்டும் அங்குஸ்தான் 'ஃபிங்கர்ஹூட்', விரல் தொப்பி. ஆமை என்றால் கேடயம் கட்டிய தேரை ('ஷில்ட்க்ரோட்டெ'). ஓடில்லாத நத்தை பாவம், அம்மண நத்தை ('நாக்ட்ஷ்னெக்கெ'). சிரித்து முடித்ததும் இந்தக் கூட்டுச்சொற்களின் கடைசித் துண்டைப் பாருங்கள். சொல்லின் பாலும் (ஆண்பால், பெண்பால், அஃறிணைப்பால்) பன்மையும் அதில்தான் இருக்கின்றன. 'ஹாண்ட்' பெண்பால், 'ஷூ' ஆண்பால்; ஆகவே ஆண்பாலுக்கான முன்சொல் 'டெர்' சேர்ந்து 'டெர் ஹாண்ட்ஷூ', பன்மை 'ஹாண்ட்ஷூஎ'. முன் துண்டை நம்பி பெண்பால் முன்சொல்லான 'டீ' போடுவது ஏ1 என்ற தொடக்கநிலை வகுப்பில் வழக்கமான தப்பு.

*

அந்தக் கடைசித் துண்டுகளில் முதலில் பிடிக்க வேண்டியது 'ட்ஸொய்க்'. நம்ம 'சாமான்' தான். பறக்கிற சாமான் விமானம் ('ஃப்ளூக்ட்ஸொய்க்'), நெருப்புச் சாமான் லைட்டர் ('ஃபொயர்ட்ஸொய்க்'), அடிக்கிற சாமான் டிரம்ஸ் ('ஷ்லாக்ட்ஸொய்க்'). 'ஷ்பீல்ட்ஸொய்க்' அப்படியே விளையாட்டுச் சாமான்! எல்லாமே 'டாஸ்', அதாவது அஃறிணைப்பால். ஒன்றுக்குப் பால் தெரிந்தால் மொத்தக் குடும்பத்துக்கும் தெரிந்த மாதிரி.

சமையலறையில் முட்டை அடிக்கும் கம்பிக் கரண்டி 'ஷ்னேபேசன்', பனித் துடைப்பம். அடித்து நுரைத்த வெள்ளைக்கருவை 'ஐஷ்னே', முட்டைப் பனி, என்பதால் வந்த பெயர். சமையல் குறிப்பில் 'ஷ்னே' வந்தால் ஐஸ் தேடாதீர்கள்.

*

எங்கே பிரிப்பது என்பதில்தான் தலைவலி. 'ப்ளூமென்டோப்ஃப்எர்டெ' என்றால் பூந்தொட்டி மண். ஜெர்மன் எழுத்தில் இரண்டு எழுத்து முன்னால் தள்ளி வெட்டினால் பின்பாதி 'ப்ஃபேர்டெ', குதிரைகள்! முன்பாதிக்குப் பொருளே இல்லை. ஜெர்மானியர்களே சொல்லிச் சிரிக்கும் பழைய ஜோக் இது. நம்ம 'பலகை', 'பல கை' மாதிரி. அணைக்கட்டு நீர்த்தேக்கத்துக்கான 'ஷ்டௌபெக்கன்' கூட, தப்பாக வெட்டினால் தூசி படிந்த மூலைகள் ஆகிவிடும். பின்னாலிருந்து பிரித்து, இரண்டு பாதிக்கும் அகராதியில் பொருள் இருக்கிறதா பாருங்கள். இரண்டுக்கும் இருந்தால் வாக்கியம்தான் தீர்ப்பு சொல்ல வேண்டும். நடுவில் வரும் 'ஸ்' பல சமயம் வெறும் பசை: பிறந்தநாள் 'கெபூர்ட்ஸ்டாக்', ஆனால் அகராதியில் தேட வேண்டியது 'கெபூர்ட்' (பிறப்பு).

*

பிரித்துப் பார்த்துக் கிடைக்கும் பொருளை எப்போதும் நம்பவும் கூடாது. வௌவாலான 'ஃப்ளேடர்மௌஸ்' காதில் 'லேடர்' (தோல்) மாதிரி விழும். ஆனால் அந்த 'ஃப்ளேடர்' படபடத்தலைக் குறிக்கும் பழைய வினை. பட்டாம்பூச்சி 'ஷ்மெட்டர்லிங்' என்பதில் 'ஓங்கி அடி' என்ற வினை தெரியும். உண்மையில் அது 'ஷ்மெட்டன்', செக் மொழியிலிருந்து வந்த பாலேட்டுச் சொல். சூனியக்காரிகள் பட்டாம்பூச்சி உருவில் வந்து பாலேடு திருடுவதாக ஒரு பழைய நம்பிக்கை.

உடற்பயிற்சிக்கு மறுநாள் வரும் வலி 'முஸ்கல்காட்டர்', தசைக் கடுவன்பூனை. எனக்குத் தசைவலி என்பதற்கு 'இஷ் ஹாபெ முஸ்கல்காட்டர்' என்றாலே போதும். 'ஐனன்' ('ஒரு') சேர்த்தாலும் தப்பில்லை.

*

பெயர்ச்சொல்லில் சறுக்கினால் சிரிப்போடு போகும். 'உம்ஃபாரன்' என்ற வினையில் அப்படி இல்லை. 'உம்'மை அழுத்தினால் வண்டியால் இடித்துத் தள்ளுவது. 'ஃபா'வை அழுத்தினால் இடிக்காமல் சுற்றிக்கொண்டு போவது. முதலாவது வாக்கியத்தில் பிரியும்: 'இஷ் ஃபாரெ இன் உம்', அவனை இடித்துத் தள்ளுகிறேன். இரண்டாவது பிரியாது: 'இஷ் உம்ஃபாரெ இன்'. இறந்தகாலத்திலும் முதலாவதற்கு 'உம்கெஃபாரன்', இரண்டாவதற்கு வெறும் 'உம்ஃபாரன்'. டிரைவிங் வகுப்புக்குப் போகுமுன் இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகிவிடுங்கள்.