தையல் எந்திர மோட்டாரின் ‘பிரஷ்’: தூரிகையா, தேய்கரியா?

தொகுப்பாளர்:
அன்புள்ள நண்பர்களே, பழைய தையல் எந்திரத்தையும் அதன் மோட்டாரையும் வீட்டிலேயே சீராக்கும் கையேடு நாளை அச்சுக்குப் போகிறது. மோட்டாரின் சுழலும் பகுதியை உரசி அதற்கு மின்சாரம் தரும் சிறு கார்பன் துண்டான ‘பிரஷ்’ஷைப் பாடநூல் வழக்கைப் பின்பற்றிக் ‘கார்பன் தூரிகை’ என்றே எழுதினோம். ஆனால் துணியை நகர்த்தும் பல்லில் அடைந்த பஞ்சை எடுக்கும் மயிர்த்தூரிகையும் அதே பக்கத்தில் வருகிறது. “தூரிகையை மண்ணெண்ணெயில் நனைத்து” என்ற வரியைப் படிப்பவர் கார்பனைக் கழற்றி நனைத்துவிட்டால்? எண்ணெய் ஊறிய கார்பன், தான் உரசும் செப்புப் பட்டை உருளையான திசைமாற்றியில் பிசுக்கேற்றும், பொறி பறக்கும், பிறகு அதைத் தூக்கித்தான் போட வேண்டும். மாற்றுச்சொல் தாருங்கள்.

மறுமொழி:
தூரிகையே வேண்டாம். அது வடமொழித் ‘தூலிகா’வின் திரிபு. நம்மிடம் துகிலிகை இருக்கிறது; துகில் அடியாகப் பிறந்தது என்பது என் துணிபு. மோட்டாருக்குத் ‘தேய்கரி’ என்போம். தேய்ந்த, தேய்கின்ற, தேயும் கரி; வினைத்தொகை. வல்லினம் மிகாது, ‘தேய்க்கரி’ என்று அச்சேறிவிடாமல் பாருங்கள்.

மறுமொழி:
> நம்மிடம் துகிலிகை இருக்கிறது

ஓவியனின் துகிலிகைக்கும் மோட்டாரில் சுழலும் ஆர்மேச்சருக்கும் என்ன உறவு ஐயா? முற்கால மின்னாக்கிகளில் செப்புக் கம்பிக் கற்றையே உரசியது, அதனால் பிரஷ் என்றார்கள். கார்பன் பின்னால் வந்தது. இன்றும் செம்பு கலந்தவை உண்டு. ஆகவே ‘கரி’யும் முழுப் பொருத்தமில்லை. தொழிலைச் சொல்லுங்கள்: ‘உரசுமுனை’.

மறுமொழி:
முனை என்றால் ஒயர் முடுக்கும் இடம் என்றே கொள்வார்கள். பழுதுபார்ப்பவர்கள் ‘கார்பன்’ என்கிறார்கள், கடையிலும் அப்படிக் கேட்டால்தான் கிடைக்கும். சொல்லை வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்:

“பிளக்கைப் பிடுங்கிய பின் இருபக்க மூடிகளையும் விரலால் அழுத்திக்கொண்டே திருகிக் கழற்றுங்கள், இல்லையேல் ஸ்பிரிங் தெறித்து ஓடும். எந்தக் கார்பன் எந்தப் பக்கம், எந்த முகம் மேலே என்று குறித்துக்கொள்ளுங்கள். திசைமாற்றியின் வளைவுக்கேற்ப அதன் முகம் தேய்ந்திருக்கும். திருப்பிப் போட்டால் ஓரம் மட்டும் தொட்டுப் பொறி பறக்கும். நீளம் 6 மி.மீ.க்குக் கீழே போனால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். திசைமாற்றியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பருத்தித் துணியால் துடையுங்கள். சீரான பழுப்புப் படலம் நல்லது, அதைச் சுரண்டாதீர்கள். பட்டைகளுக்கு இடையே அடைந்த கரித்தூளை மரக்குச்சியால் எடுங்கள். எமரித் தாள் கூடாது. அதன் துகள் இடுக்கில் சிக்கி அடுத்தடுத்த பட்டைகளை இணைத்துவிடும். ஒயரின் ரப்பர் உறை நொறுங்கினால் ஒயரை மாற்றாமல் மின்சாரம் கொடுக்காதீர்கள். முதல் ஓட்டத்துக்கு 60 வாட் குண்டு பல்பைத் தொடரில் இணையுங்கள். குறுக்குச்சுற்று இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், மோட்டார் தப்பும்.”

இதில் ‘கார்பன்’ எங்கே இடறுகிறது?

தேய்கரி அன்பர்:
‘கரித்தூள்’ என்று எழுதத் தெரிந்த கைக்கு ‘தேய்கரி’ மட்டும் ஏன் கசக்கிறது? கார்பன் என்று தனியே சொன்னால் பொருளா உறுப்பா என்று தெரியாது. கலைச்சொல் கடைக்கு மட்டுமா, வகுப்பறைக்கும்தானே?

தொகுப்பாளர்:
நேரமில்லை நண்பர்களே. ‘கார்பன்’ தனியே குழப்பும் என்பதால் ‘கட்டை’ சேர்த்த ‘கார்பன் கட்டை’ என்பதற்கு நால்வர் ஒப்புதல், தேய்கரிக்கு இருவர், உரசுமுனைக்கு ஒருவர். கையேட்டின் உடலில் கார்பன் கட்டை, சொல்லடைவில் தேய்கரி. ‘தூரிகை’ இனி மயிர்த்தூரிகைக்கு மட்டும்.

தேய்கரி அன்பர்:
என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். அதே எந்திரத்தின் தலையில் நூல்கட்டை இருக்கிறது. “கட்டையை மாற்றவும்” என்ற வரி 14ஆம் பக்கத்தில் எதைக் குறிக்கிறது என்று அச்சுக்கு அனுப்புமுன் ஒருமுறை பாருங்கள்.