டிராக் ரேடியல் டயருக்கு எவ்வளவு காற்று? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

தெம்பனிஸ்வாசி:
அடுத்த மாதம் முதன்முறையாக மலேசியாவின் சிப்பாங் பந்தயத் தடத்துக்குப் போகிறேன். பின்சக்கரங்கள் இயங்கும் கார். புதிதாக டிராக் (drag) ரேடியல், அதாவது நேர்கோட்டுக் குறுந்தூர வேகப் பந்தயத்துக்கான டயர், போட்டிருக்கிறேன். 12 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) போதும் என்கிறார் ஒருவர், 25க்குக் கீழே இறக்காதே என்கிறார் இன்னொருவர். யாரை நம்புவது?

ஜூரோங்காரன்:
தம்பி, 12 என்று சொன்னவர் அநேகமாகப் பழைய பயாஸ் வகை ஸ்லிக் (குறுக்கிழை போட்ட, பள்ளமில்லாத பந்தய டயர்) ஓட்டியவராக இருப்பார். அந்த டயரின் பக்கச்சுவர் சுருங்கி மடிந்து தரையைக் கவ்வும். ரேடியலில் ஓடுதளத்துக்கு அடியில் உருக்குக் கம்பிப் பட்டை இருக்கிறது. காற்றை மிகவும் இறக்கினால் நடுப்பகுதி உள்வாங்கிக்கொள்ளும், ஓரங்கள் மட்டுமே சுமையைத் தாங்கும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் நாள் 12 வைத்துப் புறப்பட்டேன். முதல் 60 அடியைக் கடக்க 2.2 வினாடி பிடித்தது. வேகம் ஏற ஏறக் காரின் பின்பக்கம் படகுபோல் ஆடியது. இறங்கிப் போய்த் தரையைப் பார்த்தேன். டயர் விட்டுச்சென்ற தடத்தில் இரண்டு ஓரங்களும் கன்னங்கரேலென்று இருந்தன, நடுவில் வெளிறிய பட்டை. 24க்கு ஏற்றினேன், இப்போது நடு மட்டும் கறுத்தது. ஒவ்வொரு பிஎஸ்ஐயாக இறக்கிக்கொண்டே வந்ததில், 18இல் தடம் ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே கறுப்பாக விழுந்தது. நேரமும் 1.9க்கு இறங்கியது. என் காருக்கு 18. உங்கள் காரின் எடை வேறு, சக்கரத்தின் அகலம் வேறு. 20இல் தொடங்குங்கள், தரையைப் படியுங்கள்.

டயரைச் சுழற்றிச் சூடாக்கிய பிறகு எடுத்த அளவைத்தான் குறித்து வையுங்கள். மெல்லிய புகை கிளம்பியதும் நிறுத்திவிடலாம், ரேடியலுக்கு அதற்கு மேல் வேண்டாம். இன்னொன்று: சிங்கப்பூரிலிருந்து கிளம்பும்போது முக்கால் தொட்டி பெட்ரோல் இருந்தாக வேண்டும். சுமார் 300 கிலோமீட்டர் ஓடியபின் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதையும் காற்றளவுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். பின்பக்க எடை மாறினால் அளவும் மாறும்.

இனி முக்கியமான விஷயம். அன்று மாலை களைப்பில், காற்றை ஏற்றாமல் 18இலேயே வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் திரும்பினேன். பாகோ ஓய்விடத்தில் நிறுத்தி டயரின் பக்கச்சுவரைத் தொட்டேன். கையை வைக்க முடியவில்லை. ஓட ஓட அது மடிந்து நிமிர்ந்து உள்ளே வெந்துகொண்டிருந்திருக்கிறது. பின்னிருக்கையில் என் மகன் தூங்கிக்கொண்டிருந்தான். அந்த நினைப்பு இன்றும் என்னை விட்டுப் போகவில்லை. டயர் ஆறும்வரை காத்திருந்து 32 ஏற்றிய பிறகுதான் வண்டியை எடுத்தேன். பந்தயத் தடத்தின் வாசலைத் தாண்டி வெளியே வருவதற்கு முன் சாலைக்குரிய அளவுக்கு ஏற்றிவிடுங்கள். கையடக்கக் காற்றேற்றி ஒன்று காரிலேயே கிடக்கட்டும்.

ஈசூன் அக்கா:
ஜூரோங்காரன் சொல்வது சத்தியம். என் பங்குக்கு மழையைப் பற்றி. தீவு விரைவுச்சாலையில் பிற்பகல் மழையில் 80இல் போய்க்கொண்டிருந்தேன். தேங்கிய நீரில் ஏறியதும் ஸ்டியரிங் கனமற்றுப் போனது, கார் பக்கவாட்டில் வழுக்கியது. இந்த டயர்களில் நீரை வெளியேற்றும் பள்ளங்கள் குறைவு. காற்றும் குறைவாக இருந்தால் தண்ணீர்மேல் மிதப்பது இன்னும் எளிது. அன்று என் டயரில் 26தான் இருந்தது. இப்போது சாலையில் 32க்குக் குறைப்பதில்லை. வானம் கறுத்தால் சாதாரண டயர் போட்ட காரைத்தான் எடுக்கிறேன்.

தெம்பனிஸ்வாசி:
இருவருக்கும் மிக்க நன்றி. என்னிடம் இருப்பது 100 பிஎஸ்ஐ வரை காட்டும் அழுத்தமானி. அது போதுமா?

ஜூரோங்காரன்:
போதாது தம்பி. அதில் 18க்கும் 19க்கும் வித்தியாசமே தெரியாது. பந்தயத் தடத்தில் அளக்க 30 வரை மட்டும் காட்டுவதாக ஒன்று வாங்குங்கள். இரு பின் டயர்களையும் அதே மானியால் அளவிடுங்கள். ஒன்றில் ஒரு பிஎஸ்ஐ கூடினாலும் புறப்படும்போது கார் ஒரு பக்கம் இழுக்கலாம்.