ரீஜென்சி கால ‘மார்னிங் கால்’: தமிழில் என்ன சொல்லலாம்?

1815-இல், மன்னருக்குப் பதிலாக இளவரசர் ஆண்ட ரீஜென்சி காலத்தில், இங்கிலாந்தின் பாத் நகரில் நடக்கும் நாடகம் ஒன்றைத் தமிழாக்குகிறேன். மரியாதைக்காக ஒருவர் வீட்டுக்குச் சென்று சிறிது நேரம் பார்த்துவிட்டு வருவதைக் குறிக்கும் ‘மார்னிங் கால்’ என்ற சொல்லில் வேலை ஒரு வாரமாகச் சிக்கி நிற்கிறது.

அன்று டின்னருக்கு உட்காரும்வரை எல்லாமே ‘மார்னிங்’தான். அதனால் இந்தச் சந்திப்பு நடப்பது நண்பகலுக்கு மேல். கால் மணி நேரம் இருந்தால் போதும். வந்த பெண்கள் பானெட் தொப்பியைக்கூடக் கழற்றமாட்டார்கள். வீட்டுக்காரர் இல்லையென்றால் பெயர் அட்டையை வைத்துவிட்டுப் போவார்கள்.

‘காலைச் சந்திப்பு’ என்று போட்டேன். அடுத்த வசனத்திலேயே கடிகாரம் இரண்டு அடிக்கிறது, பிழை என்றே தோன்றும். ‘நலம் விசாரிப்பு’ நோயாளியைப் பார்க்கப் போவதுபோல் ஒலிக்கிறது. ‘மரியாதை நிமித்தச் சந்திப்பு’ என்றால் அமைச்சர்தான் கண்முன் வருகிறார். மேடையில் அடிக்குறிப்புக்கும் வழியில்லை.

பகல் நேரம், சுருக்கமான மரியாதை வருகை, இரண்டும் தொனிக்க நடிகர் ஒரே மூச்சில் சொல்லக்கூடிய சொல் எது?