கார்த்திகையில டெலிவரி: பழைய வேட்டி, ஜப்லா, ஜிப் நைட்டி – எதை, எத்தனை தைக்கலாம்?

கேட்டவர்: தண்டையார்பேட்டை_தையல்

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டாவது குழந்தை, இப்ப ஏழாம் மாசம். கார்த்திகை முதல் வாரம் தேதி குடுத்திருக்காங்க. பெரியவளுக்கு மூணு வயசு. வீட்ல பழைய கறுப்பு கால் மிஷின் இருக்கு, நேர்த்தையல் மட்டும்தான் விழும். நைட்டி, பாவாடை, பொண்ணுக்கு ஃபிராக் தைப்பேன். பச்சக்குழந்தை துணி தைச்சதில்ல.

மாமனாரோட பழைய எட்டு முழ வேட்டி நாலு இருக்கு. குழந்தைக்குக் கட்டற லங்கோட்டுக்கு அதுவே போதுமா, வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்ல மல் துணி (மெல்லிசு காட்டன்) வாங்கணுமா? ஜப்லாவுக்கு, அதான் பச்சக்குழந்தை சட்டைக்கு, என்ன அளவு? மல் துணியில தைச்சா சுருங்குது, ஆரம்பிக்கிற இடத்துல துணியை உள்ள இழுத்து நூல் கொத்தா சிக்கிக்குது. இருக்கிற நைட்டியை பால் குடுக்கிற நைட்டியா மாத்த முடியுமா? இதுக்கு நடுவுல மாமியார் வேற, குழந்தை பொறக்கறதுக்கு முன்னாடி புதுசா எதுவும் தைக்கக் கூடாதுன்னு சொல்றாங்க. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

ஊசிமுனை:

முதல்ல வேட்டி. நாலும் காட்டன்தானான்னு பாருங்க. ஓரத்துல ஒரு நூலை உருவி, அடுப்படியில எரிச்சுப் பாத்தா தெரிஞ்சிடும். பேப்பர் எரியற வாசனையோட சாம்பலாகி உதிர்ந்தா காட்டன். உருகி, நுனியில கெட்டியா மணி மாதிரி நின்னா பாலியஸ்டர் கலந்திருக்கு, அது ஈரத்தை உறிஞ்சாது, ஒதுக்கிடுங்க. அப்புறம் வேட்டியை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரா பிடிச்சுப் பாருங்க. உட்கார்ற இடம் இழை விலகி மெலிஞ்சிருக்கும். அந்தப் பகுதியை வெட்டி எடுத்துட்டா மீதி அருமையான துணி. கரையையும் ரெண்டு பக்கமும் எடுத்துடுங்க. கரை ஒரு மாதிரி சுருங்கும், உடம்பு ஒரு மாதிரி சுருங்கும், நாலு தடவை துவைச்சா சதுரம் கோணிக்கும். ஜரிகைக் கரைன்னா தொடையில குத்தும்.

23 அங்குலச் சதுரமா வெட்டுங்க. எட்டு முழ வேட்டியில நீளத்துல ஆறு, அகலத்துல ரெண்டு, ஆக பன்னெண்டு வரும். மெலிஞ்சது போக ஒரு வேட்டிக்கு எட்டு துண்டாவது தேறும். அப்போ நாலு வேட்டிக்கு முப்பதுக்கு மேல. சாதாரண நாள்னா இருபது போதும்னு சொல்லுவேன். உங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழை. ஒரு நாளைக்குப் பத்து பன்னெண்டு மாத்தணும், துவைச்சது காய ரெண்டு நாள் ஆகும். முப்பது இல்லாம சமாளிக்க முடியாது. லங்கோட்டுக்குன்னு மல் வாங்க வேண்டியதே இல்ல.

ஓரம் ஒரே மடிப்பு, கால் அங்குலம், ஒரு தையல். ரெண்டு மடிப்பு மடிச்சா ஓரம் மட்டும் தடிச்சு, நடுவு காஞ்சாலும் ஓரம் ஈரமாவே நிக்கும். மழையில அங்கதான் வாடை பிடிக்கும். ஒத்தை மடிப்புல ஓரம் கொஞ்சம் பிசிறும். பரவால்ல, லங்கோடுதானே.

கஞ்சி போட்டு வச்ச வேட்டின்னா ராத்திரி முழுக்க ஊற வச்சு ரெண்டு தடவை அலசிட்டுத்தான் வெட்டணும். கம்ஃபர்ட் மாதிரி எதுவும் வேண்டாம், துணிமேல பூச்சா படிஞ்சு உறிஞ்சறதைக் குறைச்சிடும். போர்த் தண்ணி உப்பா இருந்தா துணி விறைச்சுக்கும், கடைசி அலசலை மட்டுமாவது மெட்ரோ வாட்டர்ல வச்சுக்குங்க.

மாமியார் விஷயத்துக்கும் இதுலயே வழி இருக்கு. வேட்டி பழசு, அதைக் கிழிச்சுத் தைக்கறதை யாரும் தடுக்க மாட்டாங்க. பச்சக்குழந்தைக்குப் பழைய துணிதான் முதல்ல போடணும்னு அவங்களே சொல்லியிருப்பாங்க. ஜப்லா மல்லை வாங்கி, அலசி, வெட்டி, கிராஸ் பீஸ் (ஓரத்துக்கு வைக்கிற, சாய்வா வெட்டின பட்டி) மடிச்சு ஒரு கவர்ல போட்டு வச்சிடுங்க. பொறந்தப்புறம் வீட்ல யாராவது நேர்த்தையல் ஓட்டிக்கலாம். எட்டு ஜப்லாவுக்கு மேல தைக்காதீங்க, ரெண்டு மாசத்துல அத்தனையும் சின்னதாயிடும்.

---

கறுப்புமிஷின்_சர்வீஸ்:

நூல் கொத்தா சிக்கறதுக்குக் காரணம் அநேகமா மிஷின் இல்லம்மா, ஆரம்பிக்கிற முறை. மேல்நூலும் பாபின் நூலும் (அடிநூல்) ரெண்டும் நாலு அங்குலம் வெளிய இருக்கணும். ரெண்டையும் மிஷின் காலுக்கு (துணியை அமுக்கற பாதம்) பின்னாடி இழுத்துப் பிடிச்சுக்கிட்டு முதல் மூணு தையல் போடுங்க. துணியோட விளிம்புல ஊசியை இறக்காதீங்க, கால் அங்குலம் உள்ள தள்ளி இறக்கிட்டு அப்புறம் மிஷின் காலை இறக்குங்க. அப்பவும் இழுத்தா துணிக்கு அடியில வெள்ளைத்தாள் துண்டு வச்சுத் தைச்சு, பிறகு கிழிச்சிடுங்க. நியூஸ் பேப்பர் வேண்டாம், மை மல்லுல ஒட்டிக்கும்.

சுருக்கத்துக்கு வர்றேன். மல் துணிக்கு 11 நம்பர் ஊசி. நைட்டி தைக்கிற 14 இல்லன்னா 16தான் இப்ப மாட்டியிருப்பீங்க, அது மல்லுல ஓட்டை போட்டு இழையை இழுக்கும். மாட்டும்போது ஊசியில இருக்கிற நீளப் பள்ளம், நூல் கோக்கற பக்கம் பாக்கணும். திருப்பி மாட்டினா தையல் விட்டு விட்டு விழும். தையல் அங்குலத்துக்கு 12, 13 வர்ற மாதிரி வைங்க, பெரிய தையல்தான் மெல்லிசு துணியைச் சுருட்டும்.

டென்ஷனை (நூல் இறுக்கத்தை) தொடறதுக்கு முன்னாடி பாபின் கேஸைப் பாருங்க. பாபின் போட்டு, நூலைப் பிடிச்சுத் தொங்க விடுங்க. தானா சரசரன்னு இறங்கினா லூஸ். லேசா வெடுக்குன்னு ஆட்டினா ஒண்ணு ரெண்டு அங்குலம் இறங்கி நிக்கணும். ஆட்டினாலும் இறங்கலன்னா டைட், சின்ன ஸ்க்ரூவைக் கால் சுத்து மட்டும் திருப்பணும். அடிப்பக்கம் கண்ணி கண்ணியா தொங்கினா எல்லாரும் பாபினைத் திட்டுவாங்க, தப்பு மேல்நூல்ல இருக்கும். டென்ஷன் தட்டுக்கு நடுவுல நூல் உட்காராம இருக்கும். மிஷின் காலைத் தூக்கி வச்சுட்டு மறுபடி கோத்துப் பாருங்க.

நம்ம பக்கம், அதுலயும் காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர்னா கடல் காத்து. பத்து நாள் மூடி வச்சாலே ஊசியில துரு பூக்கும். அது மல்லுல புள்ளியா இறங்கும், எந்த சோப்புக்கும் போகாது. தைச்சு முடிச்சதும் ஊசியைக் கழட்டி எண்ணெய்த் துணியில சுத்தி வைங்க. மிஷின் எண்ணெய் விட்டா வேஸ்ட் துணியில ரெண்டு நிமிஷம் ஓட்டிட்டுத்தான் நல்ல துணியை வைக்கணும். இதே காரணத்துக்காக ஜப்லாவுல இரும்பு ஊக்கு, பிரஸ் பட்டன் எதுவும் வேண்டாம்.

கால் மிஷின் மிதிக்கலாமான்னு நீங்க கேக்கல, ஆனா சொல்லிடறேன். மிதிக்கறதை விட குனியறதுதான் கஷ்டம். வயிறு பலகையில முட்டுதேன்னு பின்னாடி தள்ளி உட்கார்ந்தா, கை எட்டாம முதுகு வளையும். ஸ்டூலுக்குப் பதிலா முதுகு சாயற நாற்காலி, அதுமேல ஒரு தலையணை. தரையில விரிச்சு வெட்டறதை விட்டுடுங்க, சாப்பாட்டு மேசையில வெட்டுங்க. மினி மோட்டார் மாட்டினா கால் வேலை மிச்சம், ஆனா மூணு வயசுக் குழந்தை இருக்கிற வீடு. நீங்க நூல் கோக்கும்போது அது பெடலை மிதிச்சா ஊசி விரல்ல இறங்கும். எழுந்தா பிளக்கைப் பிடுங்கிட்டு எழுந்திரிங்க. டாக்டர் ஓய்வுல இருக்கச் சொல்லியிருந்தா இந்தப் பேச்சே வேண்டாம்.

---

கிராஸ்பீஸ்:

ஜப்லா அளவு நான் தர்றேன், முன்னாடி திறக்கிற மாடல். பச்சக்குழந்தைக்குத் தலைவழியா மாட்டறது வேண்டாம், கழுத்து நிக்காது.

எல்லாம் அங்குலக் கணக்கு. உயரம் 10½. மார்பு முழுச் சுத்து 19, அதாவது பின் துண்டு 9½ அகலம். முன் துண்டு ரெண்டும் ஒண்ணுமேல ஒண்ணு 2 அங்குலம் ஏறணும். கழுத்து அகலம் 3½, முன் இறக்கம் 2, பின் இறக்கம் முக்கால். தோள் ஒரு பக்கம் 2. கை வளைவு 3¾. எல்லாம் முடிஞ்ச அளவு, தையலுக்கு அரை அங்குலம் சேத்துக்குங்க. கை இல்லாத ஜப்லான்னா 44 அங்குல அகல மல்லுல ஒரு மீட்டருக்கு நாலு வரும், கிராஸ் பீஸுக்கும் மிஞ்சும். எட்டுக்கு ரெண்டு மீட்டர், சுருக்கத்துக்கு கால் மீட்டர் கூட. வாங்கினதை ஊற வச்சு, காய வச்சு, இஸ்திரி போட்டுத்தான் வெட்டணும்.

தோளும் பக்கவாட்டும் தையல் மார்ஜின் வெளிப்பக்கம் வரணும். துணியோட உள்பக்கத்தையும் உள்பக்கத்தையும் சேத்து ஒரு தையல், பிறகு மார்ஜினை வெளிய மடிச்சு அமுக்கி இன்னொரு தையல். பாக்கறதுக்கு உல்டாவா போட்ட மாதிரி இருக்கும், குழந்தை முதுகுல ஒண்ணும் உறுத்தாது.

கழுத்துக்கும் கைக்கும் 1¼ அங்குல கிராஸ் பீஸ். சரியா 45 டிகிரி சாய்வுல வெட்டணும், நேர் துணியில வெட்டினா வளைவுல மடங்கவே மடங்காது. நிறைய பேருக்கு இங்கதான் கெட்டுப் போகுது: கழுத்து வளைவுல பட்டியைத் தொளதொளன்னு வச்சுத் தைச்சா கழுத்து விறைச்சு வெளிய நிக்கும், ரொம்ப இழுத்துத் தைச்சா சுருக்குப் பை ஆயிடும். வளைவுல மட்டும் துளி இழுப்பு, நேரா போற இடத்துல இழுக்கவே கூடாது. தைச்சதும் மார்ஜின்ல அங்கங்க சின்னதா கத்தரி போடுங்க, தையலைத் தொடாம.

நாடா ரெண்டு ஜோடி, ஒவ்வொண்ணும் 6 அங்குலத்துக்கு மேல போகக் கூடாது. நீளமா விட்டா விரல்ல, கழுத்துல சுத்தும். கையுறை தைக்கறதா இருந்தா உள்பக்கம் ஒரு நூல்கூட தொங்கக் கூடாது. தொங்கற நூல் விரல்ல சுத்தி ரத்த ஓட்டத்தை நிறுத்திடும், குழந்தை ஏன் அழுவுதுன்னே தெரியாது. என்னைக் கேட்டா கையுறையே வேண்டாம், நகத்தை வெட்டி விட்டாப் போதும்.

ஊசிமுனை எட்டு போதும்னு சொல்றாங்க, எனக்கு அதுல சம்மதம் இல்ல. மழை நாள்ல கக்கினா ஒரு நாளைக்கே நாலு போயிடும். பன்னெண்டு வச்சுக்குங்க. பெரியவளோட பழசு இருந்தா அதையும் எண்ணிக்குங்க, ஆனா கழுத்து எலாஸ்டிக் கெட்டியாகிப் போனது வேண்டாம்.

நைட்டி: கண்டிப்பா மாத்தலாம், யோக் (தோள்லேர்ந்து மார்புக்கு மேல வர்ற தனித் துண்டு) வச்சுச் சுருக்கு பிடிச்ச நைட்டின்னா சுலபம். நடு ஜிப் வேண்டாம், ரெண்டு பக்கமும் 8 அங்குல நைலான் ஜிப். நடுக்கோட்டுலேர்ந்து ஒவ்வொரு பக்கமும் 3½ முதல் 4 அங்குலம், யோக்குக்குக் கீழ ஒரு அங்குலம் விட்டு ஆரம்பிக்கணும். நைட்டியைப் போட்டுக்கிட்டு சாக்பீஸ்ல குறிச்சுக்குங்க, படுக்க வச்சு அளந்தா இடம் மாறும். குறிச்ச கோட்டுமேல, நல்ல பக்கத்துல, 3 அங்குல அகலத் துணிப்பட்டி ஒண்ணைக் கவுத்து வச்சு, அரை அங்குல அகலத்துல நீளப் பெட்டியா தைங்க. நடுவுல வெட்டி, ரெண்டு முனையிலயும் மூலைக்குச் சாய்வா, தையல் வரைக்கும் வெட்டுங்க. அந்தச் சாய்வு வெட்டை விட்டா மூலை சுருங்கி நிக்கும். பட்டியை உள்ள திருப்பி இஸ்திரி போட்டு, அடியில ஜிப் வச்சு மேல் தையல். உள்பக்கம் ஜிப்போட நீளத்துக்கு ஒரு அங்குலத் துணி நாக்கு வச்சுத் தைங்க, பல்லு உடம்புல படாது. ரன்னர்ல இரும்பு இழுப்பான் இருந்தா கழட்டிட்டு நாடா கோத்துடுங்க, குழந்தை கன்னத்துல கீறும்.

பால் வந்தப்புறம் மார்பு அளவு கூடும். இப்ப சரியா இருக்கிற நைட்டியை மாத்தாதீங்க, சுத்துல 6 அங்குலமாவது தொளதொளன்னு இருக்கிறதை எடுங்க. ஆபரேஷன்னா கொஞ்ச நாளைக்குப் பாவாடை நாடா வயித்துல போட்ட தையல் மேல அழுத்தும், நைட்டிதான் சரி. அதனால நாலு நைட்டியாவது தயார் பண்ணிடுங்க. ஜப்லாவை விட இது முக்கியம்.

---

தண்டையார்பேட்டை_தையல்:

ரொம்ப நன்றி. ஊசி 16தான் இருந்துச்சு! 11 மாட்டி, நூலைப் பிடிச்சுக்கிட்டு ஆரம்பிச்சதும் சுருக்கம் இல்ல. இன்னும் மூணு கேள்வி. கடுகுத் தலையணை தைக்கச் சொல்றாங்க, தைக்கலாமா? ரப்பர் ஷீட்டைத் துணியோட சேத்துத் தைச்சா நகராம இருக்குமா? பெரியவ ஓயாம மிஷின்கிட்டயே நிக்கிறா, அவளுக்கு என்ன வேலை குடுக்கறது?

---

ஊசிமுனை:

ரப்பர் ஷீட்ல ஊசியே இறக்காதீங்க. ஒவ்வொரு தையலும் ஒரு ஓட்டை, வரிசையா ஒழுகும். வேட்டியில மிஞ்சினதை ரெட்டையா வச்சு, மூணு பக்கம் தைச்ச உறையா பண்ணி ஷீட்டை உள்ள நுழைச்சிடுங்க. திறந்த பக்கத்தைக் குழந்தையோட கால் பக்கம் வச்சு மெத்தைக்கு அடியில மடிச்சு விட்டா நகராது. துவைக்கிறதுக்கு உருவிக்கலாம். ரெண்டு உறை வேணும்.

கடுகுத் தலையணை வேண்டாம்மா. பச்சக்குழந்தைக்குத் தலையணையே வேண்டாம்னுதான் குழந்தை டாக்டருங்க சொல்றாங்க, சமமான படுக்கையில மல்லாக்கப் போடணும். அதுல தையல் விட்டு கடுகு கொட்டினா பக்கத்துல இருக்கிற மூணு வயசுக்காரி மூக்குல போட்டுப்பா. பெரியவங்க மனசு கோணாம இருக்கணும்னா தைச்சு வச்சுக்குங்க, படுக்கையில வைக்காதீங்க. தூளிக்குன்னு நீங்க கேக்கல, ஆனாலும் காட்டன் புடவைதான், சிந்தெட்டிக்ல முடிச்சு நழுவும். மேல கட்டை வச்சு வாய் விரிஞ்சிருக்கணும், இல்லன்னா தாடை நெஞ்சுல மடங்கி மூச்சு முட்டும்.

---

கறுப்புமிஷின்_சர்வீஸ்:

பெரியவளுக்கு: பாபின் சுத்தும்போது நூல்கண்டைப் பிடிச்சுக்கச் சொல்லுங்க, மிஷினுக்குப் பின்பக்கம் நின்னு. சக்கரம், பெல்ட் இருக்கிற வலது பக்கம் வர விடாதீங்க, பெல்ட்ல விரல் போகும். லங்கோடு மடிச்சு அடுக்கற வேலையை அவளுக்கே விட்டுடுங்க. குண்டூசிக்குப் பதிலா துணி மாட்டற கிளிப் வச்சுக்குங்க, தரையில விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியும்.

எம்.சி. ரோடு போறதா இருந்தா தீபாவளிக் கூட்டம் ஏறறதுக்கு முன்னாடி, வார நாள்ல காலையில போயிட்டு வந்துடுங்க. ரெண்டேகால் மீட்டர் மல்லுக்கு கோடவுன் தெருவுக்குப் போகாதீங்க, அங்க மொத்த வியாபாரம், முழுத் துணிக்கட்டு கணக்குலதான் பேசுவாங்க. கூடவே 11 நம்பர் ஊசி ஒரு பாக்கெட் வாங்கிடுங்க, நம்ம காத்துக்கு ஒண்ணு பத்தாது.